முழங்காலில் கை வைத்தபின் கிடைக்கும் அரை மணி நேரம்

குமரி மாவட்டத்தில் முட்டு வலி என்றால் மாத்திரைக்கு முன்னால் எண்ணெய்க் குப்பிதான் வெளியே வரும். காயத்திருமேனியோ கொட்டஞ்சுக்காதியோ, வீட்டில் இருப்பதைச் சூடாக்கித் தடவுவார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் யோசனை அதற்கப்புறம்தான் வரும். நான் மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி செய்கிறவன். கைதான் என் தொழில் என்பதால் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் மேசைக்கு வரும் முழங்கால்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இரண்டு மூன்று பேரின் கை பட்டவை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "தடவினா சரியாயிடுமா?"

கை வைத்தால் முழங்காலில் உண்மையாகவே சில மாற்றங்கள் வருகின்றன. வலி குறைகிறது, மடக்கம் கூடுகிறது, கால் எங்கே எப்படி இருக்கிறது என்ற உணர்வும் கொஞ்சம் தெளிகிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கு ஆயுள் குறைவு. நான் பார்த்தவரை அரை மணி நேரம், நல்ல நாளில் ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்குள் அந்தக் காலை என்ன வேலை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வாரம் அது எப்படி இருக்கும் என்பது முடிவாகிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லிச் சொல்லிப் பதிய வைக்கப் பார்ப்பது இதைத்தான்.

குலசேகரத்துக்கு மேலே மலைச்சரிவில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணன் என்னிடம் வந்தார். பால்வெட்டு எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான் அவருடைய முழங்கால் புரியும். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டும். தட்டுத் தட்டாக வெட்டிய சரிவு. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 300 மரம், அதற்கு மேலும் வெட்டுவார். இளம் மரத்தில் வெட்டு ஆள் நின்றபடியே எட்டும் உயரத்தில் தொடங்கும். வருடம் போகப்போகப் பட்டையில் கீழே இறங்கி, கடைசியில் மண்ணை நெருங்கிவிடும். அந்த மரங்களில் குனிந்தோ, ஒரு காலை மடக்கி உட்கார்ந்தோதான் கத்தி ஓட்ட முடியும். எழுந்து அடுத்த மரம், மறுபடி உட்கார வேண்டும். கீழே ஈரச் சருகும் வேரும் கிடக்கும். லைட் வெளிச்சம் பட்டையில் இருக்குமே தவிரக் காலடியில் இருக்காது.

அவருக்கு ஒரு தட்டின் விளிம்பில் கால் சறுக்கி முழங்கால் திருகிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, உட்பக்கத் தசைநார் லேசாக இழுபட்டிருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார். சில வாரங்களில் வீக்கம் வற்றியது, வலியும் தாங்குகிற அளவுக்கு இறங்கியது. ஆனாலும் தோட்டத்தில் இறங்கப் பயந்தார்.

"சாரே, வலி கெடக்கட்டு. இருட்டுல கால எங்க வைக்கியேன்னு எனக்கே தெரியல்ல. கண்ணால பாத்து வச்சாத்தான் நிக்குது."

முழங்கால் அடிபட்டவர்களிடமும் தேய்மானம் உள்ளவர்களிடமும் இந்தக் குறையை வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறேன். முட்டு விட்டுப் போகுது என்பார்கள், கால் பின்னுது என்பார்கள், படி இறங்கும்போது நம்பிக்கை இல்லை என்பார்கள். வலியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விழுந்து எலும்பு முறித்துக்கொள்கிற வயதானவர்களைப் பார்க்கும்போது, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றும்.

கண்ணை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கினாலும், எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். 1906-இல் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் இந்த உணர்வுக்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் கொடுத்தார். மூட்டுணர்வு என்று வைத்துக்கொள்வோம். மூட்டைச் சுற்றியுள்ள உறையில், தசைநார்களில், தோலில் எல்லாம் இதற்கான உணர்விகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்வது தசைக்குள்ளே இருக்கும் தசைக்கதிர்கள் என்ற உணர்விகள். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்த வேகத்தில் நீள்கிறது என்று அவை தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். 1972-இல் வெளியான ஒரு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. முன்கை மடக்கும் தசையின் நாணில் அதிர்வைக் கொடுத்தபோது, கண்ணை மூடியிருந்தவர்களுக்குத் தங்கள் மடங்கிய கை விரிவது போலத் தோன்றியது. கை இருந்த இடத்திலேயே இருந்தது. தசைக்கதிர்கள் அனுப்பிய செய்தி மாறியதால் மூளை வேறு விதமாகப் படித்துவிட்டது.

ஆக, முழங்காலின் உணர்வு மங்கியிருக்கிறது என்றால் மூட்டை மட்டும் பார்த்தால் போதாது. தொடைத் தசையையும் கெண்டைக்கால் சதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1984-இல் நலமான முழங்கால்களுக்குள் உப்புநீரைச் செலுத்திச் சோதித்தார்கள். 20 முதல் 30 மில்லி போனதுமே முன்தொடையின் உட்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. 50, 60 மில்லி ஆனபோது முன்தொடையின் மற்றத் தசைகளும் அடங்கின. வலியே இல்லாத முழங்கால்கள் அவை. வெறும் நீர் மட்டுமே தசையை அடக்கிவிடுகிறது. அதனால்தான், வலி போச்சு, இன்னும் கொஞ்சம் வீக்கம் மட்டும் இருக்கு என்று ஒருவர் சொன்னால் அதை நான் சாதாரணமாக விடுவதில்லை.

அந்த அண்ணனை மேசை விளிம்பில் கால் தொங்கும்படி உட்கார வைத்தேன். கீழ்க்காலின் முன்பக்கம் என் போனை வைத்து கிரேப் பேண்டேஜால் சுற்றினேன். சரிவு பார்க்கும் செயலி இப்போது எந்தப் போனிலும் கிடைக்கும். கண்ணைத் துவர்த்தால், அதாவது துண்டால், கட்டினேன். நான் அவர் காலை ஒரு கோணத்துக்குத் தூக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து, கீழே இறக்கிவிடுவேன். அதே இடத்துக்கு அவர் தானாகத் தூக்க வேண்டும். நல்ல காலில் இரண்டு மூன்று டிகிரிதான் பிசகியது. அடிபட்ட காலில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதுவும் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. தன் கால் சரியான இடத்தில் இருப்பதாகவே அவர் உறுதியாகச் சொன்னார். கட்டை அவிழ்த்துக் காட்டியபோது முகம் மாறிவிட்டது. "இதான் சாரே, இதான் நான் சொன்னது" என்றார். தன் பயத்துக்கு ஒரு அளவு கிடைத்ததே அவருக்குப் பாதி ஆறுதல்.

பிறகு கை வைத்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தடவல் என்ற ஒரே பேரில் பல வேலைகள் நடக்கின்றன.

முதலில் கெண்டைக்கால் சதையும் பின்தொடையும். இங்கே எண்ணெய் நல்லது. கை வழுக்கிப் போகும், தோல் இழுபடாது, சூடு பரவும். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவேன். முதல் சில தடவைகளில் தசை கையை எதிர்க்கும். நோயாளி மூச்சை விடும்போது அந்த எதிர்ப்பு இளகுவது விரலில் தெரியும். அதற்கு முன்னே அமுக்கத்தைக் கூட்டக் கூடாது.

அடுத்து முழங்கால் சில்லு. இதற்கு எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கை சறுக்கும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துவர்த்தை வைத்து, தொடையை முழுக்கத் தளர்த்தச் சொல்வேன். தளர்ந்த தொடையில் சில்லு இரண்டு பக்கமும் மேலும் கீழும் தாராளமாக நகரும். வீங்கி ஆறிய முழங்காலில் அது கீழ்நோக்கி நகர மறுக்கும். கட்டைவிரல்களைச் சில்லின் மேல் விளிம்பில் வைத்துப் பாதத்தை நோக்கித் தள்ளினால், கொஞ்ச தூரம் போய் ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் பிடித்து, ஆடாமல், மெல்ல விட்டு, மறுபடி தள்ள வேண்டும். நின்ற இடம் ரப்பர் போலத் திரும்பித் தள்ளினால் அங்கே வேலை செய்யலாம். கல்லில் முட்டியது போல நின்றால், அல்லது தசை வெடுக்கென்று இறுகினால், அதோடு நிறுத்திவிடுவேன்.

மூன்றாவது, கீழ்க்கால் எலும்பைத் தொடையெலும்பின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துவது. கால் முழுக்க நீளவில்லை என்றால் முன்னோக்கியும், மடங்கவில்லை என்றால் பின்னோக்கியும் நகர்த்துவோம். பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தெரியும். அவ்வளவு சின்ன அசைவு.

எல்லாம் சேர்த்து ஒரு கால் மணி நேரம். மறுபடி கண்ணைக் கட்டிச் சோதித்தபோது பிசகு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வாசல் படியில் இறங்கிப் பார்த்துவிட்டு, "கால் வந்துட்டு சாரே" என்றார். அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. ஆனால் அடுத்த முறை வந்தபோது சோதித்தால், கோணம் பழைய இடத்துக்கே கிட்டத்தட்டத் திரும்பியிருந்தது.

ஏன் திரும்புகிறது என்பதற்கு, கைக்கு அடியில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நரம்பு முறுக்கியிருந்தது, எடுத்து விட்டேன் என்று ஊரில் பேசுகிறோம். பிசியோதெரபியிலும் இதற்கு இணையான பேச்சு உண்டு. சவ்வு ஒட்டியிருக்கிறது, பிரித்துவிட்டேன் என்போம். 2008-இல் அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தொடையின் வெளிப்பக்கம் ஓடும் தடித்த சவ்வையும் உள்ளங்கால் சவ்வையும் 1 சதவீதம் உருமாற்ற வேண்டுமென்றாலே மனிதக் கையால் தர முடியாத அளவு விசை வேண்டும் என்று வந்தது. அந்தச் சவ்வுகள் அத்தனை உறுதி. நம் உடம்பைத் தாங்குவதே அவைதானே, யார் வேண்டுமானாலும் கட்டைவிரலால் நீட்டிவிடக் கூடியதாக இருந்தால் நாம் நடக்கவே முடியாது.

தசையின் கதை கொஞ்சம் வேறு. 2015-இல் வந்த ஒரு ஆய்வில் கெண்டைக்கால் சதைக்கு 7 நிமிடம் மசாஜ் கொடுத்து, திசுவின் இறுக்கத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் முறையில் அளந்தார்கள். இறுக்கம் உண்மையாகவே குறைந்தது. 3 நிமிடம் ஓய்வாக இருந்ததும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. நலமான, ஓய்வில் கிடந்த தசையில் கிடைத்த முடிவு அது, நோயுள்ள காலில் இதுவேதான் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், விரலுக்குத் தெரியும் அந்த இளக்கம் நிரந்தர மாற்றம் இல்லை என்பதை அது தெளிவாகவே சொல்கிறது.

அப்படியானால் நோயாளிக்குக் கிடைக்கும் சுகம் எங்கிருந்து வருகிறது? காவலுக்கு இறுகி நின்ற தசை தளர்கிறது. சவ்வு அடுக்குகளுக்கு இடையே ஹைலுரோனிக் அமிலம் என்ற வழுவழுப்பான பொருள் இருக்கிறது. அசையாமல் கிடந்தால் கெட்டிப்படும், சூடும் அசைவும் பட்டால் இளகும். காலையில் எழுந்ததும் இருக்கும் பிடிப்பு நாலு அடி நடந்ததும் விடுவதில் இதற்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். இவற்றோடு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது நரம்பு மண்டலத்தில் நடப்பது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 38 பேரிடம் 9 நிமிடம் மூட்டு அசைவு சிகிச்சை செய்தார்கள். முழங்காலில் அழுத்தினால் வலி தொடங்கும் எல்லை உயர்ந்தது. கை படாத குதிகாலிலும் உயர்ந்தது! நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பும் நேரமும் குறைந்தது. குதிகாலை யாரும் தடவவில்லை. அதனால் மாற்றம் திசுவில் மட்டும் இல்லை, தண்டுவடத்திலும் மூளையிலும் நடந்திருக்கிறது.

எனக்கு இது பெரிய தெளிவைக் கொடுத்தது. முழங்காலைச் சுற்றித் தோலும் தசையும் மூட்டுறையும் ஒரே சமயத்தில் புதுச் செய்திகளை அனுப்பும்போது, வலியின் இரைச்சல் அடங்கியிருக்கும்போது, மூளை அந்தக் காலைக் கொஞ்ச நேரம் நன்றாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் காலுக்கு வேலை கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். படுக்கப் போட்டால் பழைய பாடத்துக்கே திரும்பிவிடும்.

ஆகவே இப்போது என் கை வேலை முடிந்ததும் யாரையும் படுத்திருக்க விடுவதில்லை. அந்த அண்ணனுக்குச் செய்ததைச் சொல்கிறேன். மேசையை விட்டு இறங்கும் முன்னே, கண்ணைக் கட்டியபடி கோணம் பிடிக்கும் அதே சோதனையைப் பயிற்சியாகச் செய்ய வைத்தேன். ஒவ்வொரு தடவைக்கும் பிறகு கண்ணைத் திறந்து எங்கே பிசகியது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் செய்தால் பயன் குறைவு. அப்புறம் முழங்காலுக்கு அடியில் துவர்த்தை வைத்துத் தொடையை இறுக்கி அமுக்குவது. பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, நாலு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருவது. உட்காரும்போதுதான் முழங்கால் அதிகம் கற்றுக்கொள்கிறது, ஆனால் எல்லோரும் அங்கேதான் தொப்பென்று விழுகிறார்கள். கடைசியாக, சுவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒற்றைக் காலில் நிற்பது, முதலில் கண் திறந்து, தேறியபின் கண் மூடி.

வீட்டில் படியிறங்குவதை வேலையாகவே கொடுத்தேன். நல்ல கால் கீழே போகும், அடிபட்ட கால் மேல்படியில் நின்று மெல்ல மடங்கி உடம்பை இறக்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயாமல் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். அது தேறியதும் தோட்டத்துச் சரிவில் பகல் வெளிச்சத்தில், கத்தி இல்லாமல், சும்மா நடந்து வரச் சொன்னேன். அதற்கப்புறம் அந்தி மயங்கும் நேரத்தில் தலை லைட்டோடு. வாரங்கள் போகப்போக என் கை வேலை குறைந்துகொண்டே வந்தது, அவருடைய வேலை கூடிக்கொண்டே போனது. கோணச் சோதனையில் இரண்டு காலுக்கும் வித்தியாசம் அற்றுப்போன பிறகு பால்வெட்டுக்குப் போனார். தாழ்ந்த வெட்டு உள்ள மரங்களைக் கொஞ்ச காலம் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னேன். தோட்டத்துக்காரர் நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் இவ்வளவு நேராக நடப்பதில்லை. முட்டம் பக்கத்திலிருந்து மீன் விற்கும் ஒரு அம்மா வருவார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அதிகாலையில் கரையில் மணலில் நடந்து மீன் எடுத்து, பாத்திரத்தைத் தலையில் ஏற்றி, பஸ் ஏறி இறங்கி, தெருத் தெருவாக விற்று முடித்துவிட்டு வருவார். அவருக்கு என் கை வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

"மக்ளே, நீ தொட்டா நல்லாருக்கு. வீட்டுக்குப் போயிப் படுத்து எந்திரிச்சா பழையபடிதான். அதனால நீ நல்லா அழுத்தித் தடவு."

"அம்மா, அழுத்தினா நீலம்தான் பாயும். பத்து நிமிஷம் நான் தடவுறேன், பத்து நிமிஷம் நீங்க எனக்காக எந்திரிச்சு உக்காரணும்."

நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவரிடம் உடற்பயிற்சி செய் என்று சொல்வது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. நான் நடக்கிற நடை போதாதா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வலியோடு, பாரத்தோடு, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடக்கும் நடை முழங்காலுக்குப் பாடம் ஆகாது. வலி அடங்கிய நேரத்தில், பாரம் இல்லாமல், நிதானமாகச் செய்யும் பத்து எழுந்து உட்காருதல் அதைவிடப் பெரிது. பேச்சுவார்த்தையில் ஒரு வழிக்கு வந்தோம். சிகிச்சை முடிந்ததும் பஸ் நிறுத்தம்வரை ஆட்டோ இல்லாமல், கையில் எதுவும் இல்லாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும். பஸ் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கைப்பிடியை விடக் கூடாது. இரண்டு காலும் வலிக்கிறதே என்றால், அன்றைக்கு எது குறைவோ அதுதான் நல்ல கால். தேய்மானம் அப்படியே இருக்கிறது. அவர் நடை மாறியிருக்கிறது, இரவில் தூங்குகிறார்.

தேய்மானத்துக்குக் கை வைத்தியமும் பயிற்சியும் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. 2000-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த ஆய்வில் 83 பேர். ஒரு பிரிவுக்குக் கை சிகிச்சையும் பயிற்சியும், மறு பிரிவுக்குப் பலன் தராத அளவு குறைந்த அல்ட்ராசவுண்ட். ஒரு வருடத்தில் முழங்கால் மாற்று அறுவைக்குப் போனவர்கள் முதல் பிரிவில் 5 சதவீதம், மற்றதில் 20 சதவீதம். 2020-இல் 156 பேரை வைத்து, முழங்காலுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கே வலி குறைவு, இயக்கம் கூடுதல். அதே சமயம் 2013-இல் நியூசிலாந்தில் இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் உள்ள 206 பேரிடம் நடந்த ஆய்வில், கை சிகிச்சை தனியாகவும் உதவியது, பயிற்சி தனியாகவும் உதவியது, இரண்டையும் சேர்த்தபோது பலன் இரட்டிப்பாகவில்லை. ஒரே அமர்வின் நேரத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அதனால்தான் கை வேலையைச் சுருக்கி, பயிற்சியை வீட்டுக்கு நீட்டுகிறேன்.

ஆசான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வர்மம் என்பது உடம்பில் அடிபட்டால் ஆபத்தான, முக்கியமான இடம். வர்ம மரபில் 108 இடங்கள், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு. இந்த மண்ணில் அடிமுறை என்ற சண்டைக் கலையும் வைத்தியமும் ஒரே ஆசானிடம் இருந்தன. களரி என்ற பயிற்சிக்கூடத்தில் உழிச்சல், அதாவது எண்ணெய்த் தடவல், பெற்றவன் அடுத்த நாளும் சுவடு என்ற காலடிப் பயிற்சி வைத்தான், மெய்ப்பயிற்சி செய்தான். உழிச்சலும் அசைவும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. இப்போது நம்மில் பலர் உழிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். நல்ல ஆசானிடம் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. வந்ததும் எழுந்து நடங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

யாரிடம் போனாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழிவில் காலின் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுகின்றன. அங்கே ஆழமாகக் குத்தி அமுக்க விடாதீர்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு சின்ன எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் வருகிறது. அதை நசுக்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். இறுக்கமான கட்டும் அதே கேட்டைச் செய்யும். கட்டுப் போட்ட பிறகு பாதத்தின் மேல்புறம் மரத்துப்போனால் உடனே அவிழ்க்க வேண்டும்.

முழங்காலுக்குப் போடும் எலாஸ்டிக் உறை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது எலும்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை, அதற்கு அந்த பலம் கிடையாது. ஆனால் தோல் வழியாக முழங்காலின் இருப்பை நினைவூட்டுகிறது. தேய்மானம் உள்ளவர்களுக்கு எலாஸ்டிக் கட்டுப் போட்டதும் கோணம் பிடிக்கும் திறன் கூடியதை 1991-லேயே காட்டியிருக்கிறார்கள். சரிவில் ஏறும்போதும், கூட்டத்தில் போகும்போதும், பயிற்சியின்போதும் போடலாம். நாள் முழுக்கப் போட வேண்டாம், படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

கை வைக்கவே கூடாத முழங்கால்களும் உண்டு. சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், அதுவும் அறுவைக்குப் பிறகோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ என்றால், ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. விழுந்த பிறகு நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எலும்பைப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். முழங்கால் ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு நீளவே இல்லை என்றால் பலமாக இழுத்து நீட்டக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு லேசான அமுக்கத்திலும் உள்ளே ரத்தம் கட்டும். காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், கால் ஊன்ற முடியாமை இந்த மூன்றில் எது இருந்தாலும் நான் எண்ணெயைத் தொடுவதில்லை. கூட வந்தவர்களிடம் வண்டி பிடிக்கச் சொல்லி, நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன்.